ஏழாம் நம்பர் குடும்பத்துக்குக் கரண்ட் வைக்கக் கூடாது

1. தேதி கிடைத்துவிட்டது

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, தேதி கெடச்சிருச்சுங்க. திங்கக்கெழம காலைல பத்து மணிக்கு நித்யாவுக்குக் கரண்ட் வைக்கிறாங்க."

புற்றுநோய்க்குக் கொடுக்கும் ரேடியேஷன் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். கோயம்புத்தூரில் அந்த மெஷினுக்குத் தேதி வாங்குவது கல்யாண மண்டபத்துக்குத் தேதி வாங்குவதைவிடக் கஷ்டம். அதனால் புஷ்பத்துக்குச் சந்தோஷம். மகளுக்குப் பதினோரு வயது. கழுத்தில் கட்டி. ஊசி மருந்து ஏற்றி ஏற்றி வாயெல்லாம் புண். இனி கரண்ட் வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

என்னால் அவளோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை. ரேடியேஷனைத் தாங்காத உடம்பா என்று கண்டுபிடிப்பதற்காகவே அந்தப் பெண்ணின் ரத்தத்தை ஒரு வருஷத்துக்கு முன்னால் எடுத்து அனுப்பியவள் நான். பதில் குடும்பத்துக்கு வரவில்லை. பாதிப் பதில் ஒரு கம்ப்யூட்டருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

"ஏனுங்க புஷ்பம், உங்க வீட்டுக்காரரோட அண்ணன் சிவனு பையன் பிரபுவுக்கு வச்சப்ப என்ன ஆச்சுன்னு அங்க டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அது வேற சீக்குங்கம்மா. அவனுக்கு வயித்துல. இவளுக்குக் கழுத்துல" என்றாள்.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. லேப் வேலைக்கு வரும் பிள்ளைகள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். அது அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

2. ரத்தக்கார அம்மா

முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீசியனாக இருந்தேன். சளி டெஸ்ட், ஹீமோகுளோபின், சர்க்கரை, கர்ப்ப டெஸ்ட் எல்லாம் ஒரே மேசையில்தான். கொழுந்து எடுக்கும் பெண்களின் விரலில் தேயிலைக் கறை ஏறியிருக்கும், அதனால் விரலில் குத்தாமல் முழங்கை நரம்பில்தான் எடுப்பேன். குழந்தைகள் என்னைக் கண்டால் ஓடும். எனக்கு ரத்தக்கார அம்மா என்று பெயர் வைத்ததும் அந்தக் குழந்தைகள்தான்.

ரிட்டயர் ஆன மறு வருஷம் வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. மலைத் தோட்டங்களில் ஒரு பரம்பரை நோயைத் தேடுகிறோம், தொழிலாளர் வீட்டு வரிசைகளில், லயம் லயமாக, ஏறி இறங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கப் பிடிக்கவில்லை. சரி என்றேன்.

இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ப்ராஜெக்டின் தலைவர், நாங்கள் புரொபசர் என்றே கூப்பிடுவோம், போர்டில் படம் போட்டு அழகாகச் சொன்னார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் மரபணு நூல் அறுந்தால் ஒட்டிவைக்க ஏற்பாடு இருக்கிறது. ரேடியேஷன் அந்த நூலை அறுக்கும். நமக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஏற்பாடே பழுது. அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் வராது, ஆனால் அதைப் பிள்ளைக்குக் கடத்தலாம்.

அடையாளமும் சொன்னார். நன்றாக நடந்த குழந்தை மூன்று நான்கு வயதில் தள்ளாடும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிவப்பு நரம்பு படரும். அடிக்கடி நெஞ்சுச் சளி. சிலருக்கு ரத்தப் புற்றுநோய், நெறிகட்டிப் புற்றுநோய் வரும். "வந்தாலும் ரேடியேஷன் பக்கம் போகக் கூடாது. போனா வெந்துடும்" என்றார். அவர் வாயால் சொன்னதை என் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். அதே பக்கத்தில், கடைசி வரியில், 'ஏ.எஃப்.பி. கூடியிருக்கும்' என்றும் எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

3. கார்டு எடுத்துட்டு வாங்க

ஏழாவதாக நான் பதிவு செய்த குடும்பம் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் இருந்தது. அடுத்தடுத்த காம்பராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில், அண்ணன் சிவனு, தம்பி முருகேசு. இருவரும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். முருகேசுவின் மனைவிதான் புஷ்பம். அவர்களுடைய மகள் நித்யா. அண்ணன் தம்பி இருவரும் சொந்தத்தில்தான் பெண் கட்டியிருந்தார்கள்.

சிவனுவின் மகன் பிரபு அப்போது இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கும் நித்யா மாதிரியே தள்ளாட்டம், சிவந்த கண். ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறவி மூளை வாதம் என்று எழுதி ஆளை அனுப்பிவிட்டார்கள். பதினான்கு வயதில் வயிற்றில் கட்டி வந்தது. சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள். மூன்றாம் வாரம் வயிறும் முதுகும் கொதிநீர் கொட்டியது போல வெந்து உரிந்தது. சிவனு வாழை இலையில் மகனைப் படுக்க வைத்திருந்தார். பையன் பிழைக்கவில்லை. பையனுடைய தோல் ரொம்ப மென்மை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எதனால் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எஸ்டேட் பையன்தானே.

நான் போன அன்று எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்தார்கள். லயத்தில் நாலு முருகேசு, மூன்று புஷ்பம் இருப்பார்கள். வயது கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். குடும்ப மரம் வரைய எனக்குத் துல்லியமான பெயர் வேண்டும். ஆகவே, "மொதல்ல கார்டு எடுத்துட்டு வாங்க" என்றேன். இலங்கையிலிருந்து வரும்போது கொடுத்த குடும்ப அட்டையைத்தான் சொன்னேன். அதை அவர்கள் பொன்னைப் போலப் பாதுகாப்பார்கள்.

சிவனு பிளாஸ்டிக் கவரில் இருந்து எடுத்துக் கொடுத்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், மூத்த மகன் சிவனு, இளைய மகன் முருகேசு. போட்டோவில் நாலு பேரும் நிற்கிறார்கள். அச்சு அசலாக அதையே காப்பி அடித்துப் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டேன். நான் வரையும்போது அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு சம்மதப் படிவம். நாலு பக்கம். யாருக்கும் புரியாத தமிழ். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'முடிவுகள் தனிநபருக்கு வழங்கப்பட மாட்டாது' என்று இருந்தது. நான் அதை வேகமாகப் படித்துக் கடந்தேன். புஷ்பம் கேட்டாள்:

"ரத்தத்துல என்னான்னு தெரிஞ்சா எங்களுக்குச் சொல்லுவீங்களாம்மா?"

"மொதல்ல உங்களுக்குத்தானுங்க சொல்லுவேன்" என்றேன்.

மனசார நம்பித்தான் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் ரிசல்ட் என்றால் நோயாளி கையில் கொடுப்பது என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே அது வேறு என்று எனக்கு உறைக்கவில்லை. ஊதா மூடி டியூப் ஐந்து நிரப்பி, ஒவ்வொன்றிலும் 7-1, 7-2 என்று லேபிள் ஒட்டி, ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் பஸ்ஸில் கீழே அனுப்பினேன்.

4. டியூப் மாறவில்லை

ஏழெட்டு மாதம் கழித்துப் புரொபசர் போன் செய்தார்.

"மேடம், ஏழாம் நம்பர் ஃபேமிலில பிரச்சனை. அந்தப் பொண்ணு ரத்தத்துல, அந்த ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கு. புதுசு. இதுவரைக்கும் யாரும் எழுதாதது. ஆனா அதுதான் காரணம்னு நிரூபிக்க ட்ரீ சரியா இருக்கணும். நீங்க போட்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அண்ணன் தம்பியே இல்ல."

"என்னங்க சார் சொல்றீங்க?"

"கூடப் பொறந்தவங்க ரத்தம் ஒத்துப்போற அளவுக்குக் கிட்டகூட வரல. ஒண்ணு, நீங்க டியூப் மாத்திட்டீங்க. இல்லைன்னா…" என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். "அவங்கம்மா கதை என்னவோ. எஸ்டேட்டுல இதெல்லாம் சகஜம்தானே மேடம்."

எனக்குக் காது சுட்டது. டியூப் மாற்றினாய் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு டியூப் மாறியதில்லை என்பது என் கர்வம், அது போனால் போகட்டும். செத்துப் போன ஒரு பெண்ணை, விடியும் முன்னே எழுந்து ஆயுள் முழுக்கக் கொழுந்து சுமந்த ஒரு பெண்ணை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சிரிப்பில் கேவலப்படுத்த இவர் யார்? படித்த படிப்பு ஒரு கேள்வி கேட்கச் சொல்லித் தரவில்லையா?

"டியூப் மாறல சார். அந்தம்மாவப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்றேன்.

"சரி சரி. இந்த ஃபேமிலிய டவுட்ஃபுல்ல போடறேன். நீங்க எட்டாம் ஃபேமிலியப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்ல வேண்டும். நான் லயத்துக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு மனிதரிடம் போய், நீங்கள் உங்கள் அம்மாவுக்குப் பிறந்தவர்தானா என்று எப்படிக் கேட்பது? கூசியது. கூச்சத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மாதங்கள் ஓடின. எட்டாம் குடும்பத்துக்கும் ஒன்பதாம் குடும்பத்துக்கும் ஏறி இறங்கினேன். நடுவில் நித்யாவுக்குக் கழுத்தில் கட்டி வந்ததும், கோயம்புத்தூரில் ஊசி போடுவதும் எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் புஷ்பத்தைப் பார்க்கும்வரை தெரியாது.

5. பேனாவைப் பைக்குள் போட்டேன்

பஸ் ஸ்டாண்டிலேயே புரொபசருக்கு போன் போட்டேன்.

"சார், ஏழாம் ஃபேமிலி பொண்ணுக்குத் திங்கக்கெழம ரேடியேஷன். நீங்க ஒரு லெட்டர் குடுங்க. சந்தேகம் இருக்குன்னாவது எழுதிக் குடுங்க."

"மேடம், அது ரிசர்ச் ரிசல்ட். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கிடையாது. அதுலயும் அந்த ஃபேமிலி டவுட்ஃபுல். நான் எழுதிக் கொடுத்து நாளைக்குத் தப்பாப் போனா யார் பொறுப்பு?"

"திங்கக்கெழம அந்தக் கொழந்தைக்கு வச்சுட்டா அதுக்கு யாருங்க சார் பொறுப்பு?"

"எமோஷனலா பேசாதீங்க. எல்லாத்தையும் ஒரு மெயில்ல போடுங்க."

மெயிலாம். நான் அங்கேயே வாயைத் திறந்து கத்தியிருப்பேன், புஷ்பம் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன். அவளுடனேயே பஸ் ஏறி லயத்துக்குப் போனேன். ஃபேக்டரி வேலை முடிந்து சிவனுவும் முருகேசுவும் வந்திருந்தார்கள். நித்யா கட்டிலில் சாய்ந்து, "ரத்தக்கார அம்மா, இன்னிக்கு எத்தன டியூப்?" என்றாள். கண் இரண்டும் சிவப்பு நூல் பின்னியது மாதிரி இருந்தது.

நான் நோட்டை மூடினேன். பேனாவைப் பைக்குள் போட்டேன். பையைக் கதவுக்கு வெளியே வைத்தேன்.

"சிவனு, நான் இப்ப எதையும் எழுத வரல. உங்க ரெண்டு பேரு ரத்தமும் கூடப் பொறந்தவங்க ரத்தமா இல்லன்னு சொல்றாங்க. என்ன இருந்தாலும் சொல்லுங்க. நித்யாவுக்காகக் கேக்குறனுங்க."

சிவனு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்:

"நீங்க கார்டு கேட்டீங்க. கார்டுல உள்ளதச் சொன்னோம்."

சிவனுவைப் பெற்ற அம்மா ராமாயி. முருகேசுவின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. இலங்கைத் தோட்டத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். ராமாயியின் புருஷனுக்கு அந்த நாட்டிலேயே இருப்பதற்குப் பேப்பர் வந்தது, அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். பையன் அநாதையாக நிற்கக் கூடாது என்று தாய்மாமன் தன் குடும்ப அட்டையில் மூத்த மகன் என்று எழுதிக் கூட்டிவந்துவிட்டார். தங்கை பிள்ளையை விட்டுவிட்டுக் கப்பல் ஏற அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் பல கார்டுகளில் பல பிள்ளைகள் வந்தார்கள்.

"மாமாவ அப்பான்னு கூப்பிடணும்னு சொல்லிக் குடுத்தாங்க" என்றார் சிவனு. "கப்பல்ல அப்பா அப்பான்னு சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். கரை எறங்குனதும் மண்டபம் கேம்ப்புல ஆபீசர் ஐயா கேட்டாரு, உங்கப்பா யாருடான்னு. நான் சரியாச் சொல்லிட்டேன்."

"இவ்வளவு வருஷம் கழிச்சும் ஏனுங்க மறைக்கணும்?"

"பேப்பர் பேனா வச்சிருக்கிற ஆளு வந்தா கார்டுல உள்ளதத்தான் சொல்லணும்னு அப்பா செத்த அன்னிக்கும் சொல்லிட்டுத்தாம்மா போனாரு. கார்டு பொய்யின்னா வேல போயிரும், காம்பரா போயிரும், திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம். லயத்துல எல்லாருக்கும் தெரியும். வெளிய யாருக்கும் சொல்லமாட்டோம்."

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆபீஸ் ஆள் மாதிரிப் போய் ஆபீஸ் கேள்வி கேட்டவள் நான். எனக்கு ஆபீஸ் பதில் கிடைத்தது.

அண்ணன் தம்பி இல்லை, மாமன் மகனும் அத்தை மகனும். ரத்தம் அந்த அளவுக்குத்தான் ஒத்துப்போகும். பழுதான மரபணு இரண்டு பேருக்கும் தாத்தா பாட்டி வழியிலேயே வந்திருக்கலாம், சொந்தத்தில் கட்டிய மனைவிமாருக்கும் அப்படித்தான். பிரபுவுக்கு வந்ததும் நித்யாவுக்கு வந்திருப்பதும் ஒரே நோய் என்று அப்போதுதான் அவர்களிடம் விளக்கிச் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

சிவனு கேட்டார். "அப்ப பிரபுவுக்குக் கரண்ட் வச்சப்ப, இந்த மாதிரிப் புள்ளைக்கு வைக்கக் கூடாதுன்னு யாருக்கும் தெரியாதுங்களா?"

"புஸ்தகத்துல இருந்துச்சுங்க."

"புஸ்தகம் யாருகிட்ட இருந்துச்சும்மா?"

 

6. ஒரு டியூப் போதும்

சிவனுவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை புரொபசருக்குச் சொன்னேன். மனிதர் துள்ளினார்.

"எக்ஸலண்ட் மேடம்! அப்ப கசின்ஸ்! பர்ஃபெக்டா ஃபிட் ஆகுது! இது பெரிய பேப்பர்!"

"லெட்டருங்க சார்?"

"கமிட்டில வைக்கணும். அடுத்த மாசம் மீட்டிங் இருக்கு."

முந்தின நாள்வரை மரம் சரியில்லை என்பது சாக்கு. மரம் சரியானதும் கமிட்டி சாக்கு. அந்தச் செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தாரா? அதுவும் இல்லை. போனை வைத்துவிட்டு வெறும் கோபத்தில் பழைய நோட்டைப் புரட்டினேன், இவர் சொன்னதையே இவருக்கு எழுதி அனுப்பலாம் என்று. அந்தப் பக்கம் வந்தது. கடைசி வரி வந்தது. ஏ.எஃப்.பி. கூடியிருக்கும்.

தலையில் அடித்துக்கொண்டேன். ஏ.எஃப்.பி. என்பது ஈரல் கட்டிக்குச் சாதாரணமாகப் பார்க்கும் ரத்த டெஸ்ட். குன்னூரில் எந்தத் தனியார் லேபிலும் ஒரே நாளில் செய்து தருவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நானே எத்தனையோ பேரை அதற்கு அங்கே அனுப்பியிருக்கிறேன். இந்த நோய் உள்ள குழந்தைகளுக்கு அது அநேகமாக எப்போதும் எகிறியிருக்கும். மரபணுவைத் தேடிக்கொண்டு மலையெல்லாம் ஏறினோம். ஒரு டியூப் ரத்தத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும் என்று புரொபசருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய்யவில்லை. ஏனென்றால் அது ஆராய்ச்சிப் பேப்பருக்குப் புதுசு இல்லை.

அன்றே நித்யாவிடம் ஒரு டியூப் எடுத்தேன். "ஒண்ணே ஒண்ணுதானா?" என்று கேலி செய்தாள். குன்னூர் லேபிலிருந்து சாயங்காலம் போனில் ரிசல்ட் சொல்லிவிட்டு, தாளைக் கடைசி பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு. லேப் பையன்கள் பயந்து இரண்டு தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை நித்யா, புஷ்பம், முருகேசு, சிவனு, நான் ஐந்து பேரும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் போனோம். ரேடியேஷன் டாக்டர் இளம் பெண். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் முதலில் நம்பவில்லை.

"ஏனுங்க, ஜீன் ரிப்போர்ட் எங்கீங்க?"

"ரிப்போர்ட் கமிட்டில இருக்குதுங்க. கொழந்தை இங்க இருக்கு" என்றேன்.

ஏ.எஃப்.பி. தாளை வாங்கிப் பார்த்தார். "ஈரல்ல ஏதாச்சும் இருக்கலாமில்லீங்க?"

"ஈரல் ஸ்கேன் நீங்களே எடுத்திருக்கீங்க டாக்டர். சுத்தமா இருக்குன்னு ஃபைல்ல இருக்கு."

ஃபைலைப் புரட்டினார். அதில் இவளுக்கும் பிறவி மூளை வாதம் என்றே எழுதியிருந்தது. டார்ச் அடித்து நித்யாவின் கண்ணைப் பார்த்தார். தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் முருகேசு தாங்கிப் பிடித்தார். அப்போது சிவனு தன் போனை நீட்டினார். அதில் பிரபுவின் முதுகு. அந்தப் படத்தை அவர் இத்தனை வருஷம் அழிக்காமல் வைத்திருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

"இது என் பையன். அவனும் இப்படித்தான் நடப்பான்" என்றார்.

டாக்டர் போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது அவருக்கு. "மூளை வாதம்னு யாருங்க எழுதுனது? இத்தன பேரு பாத்திருக்காங்க, ஒருத்தர்கூடக் கண்ணப் பாக்கலியா?" என்று தன் ஆட்களைப் பார்த்தே சத்தம் போட்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இந்த விஷயத்தில் கோபப்பட்ட முதல் டாக்டர் அவர்தான்.

திங்கட்கிழமைத் தேதியை ரத்து செய்தார். ஃபைல் அட்டையில் ரேடியேஷன் கூடாது என்று சிவப்பு மையால் பெரிதாக எழுதினார். ஊசி மருந்தையும் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மற்ற டாக்டர்களோடு பேசி முடிவு செய்தார். கரண்ட் இல்லாமலேயே சிகிச்சை நடந்தது.

திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் புரொபசரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ரேடியேஷன் அளிக்கும் முன் தகுந்த எச்சரிக்கையுடன் பரிசீலிக்கலாம் என்று ஒரு வரி. நித்யாவை மேசையில் படுக்க வைக்க வேண்டிய நேரம் பத்து மணி. நான் பதில் போடவில்லை. அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டேன்.

7. இன்னொரு கார்டு

நித்யாவின் கட்டி கரைந்தது. இரண்டு வருஷமாகத் திரும்ப வரவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கால் இன்னும் பலவீனமாகிவிட்டது. ஸ்கூலுக்கு முருகேசு தூக்கிக்கொண்டு போகிறார். இந்த நோய் அப்படித்தான். ஆனால் அவள் வேகவில்லை. என்னைக் கேலி செய்துகொண்டு இருக்கிறாள்.

புரொபசரின் பேப்பர் வந்தது. பெருமையாக எனக்கும் அனுப்பினார். ஏழாம் குடும்பத்தின் மரம் அழகாக அச்சாகியிருந்தது. பிரபு அதில் ஒரு கறுப்புச் சதுரம், இறந்ததைக் காட்ட அதன் மேலே ஒரு குறுக்குக் கோடு. ஒத்துழைத்த குடும்பங்களுக்கு நன்றி என்று கடைசியில் போட்டிருந்தது. அந்தப் பேப்பரை ஏழாம் குடும்பத்துக்கு யாரும் அனுப்பவில்லை. நான்தான் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

கூடவே இன்னொன்றும் கொண்டுபோனேன். நித்யாவுக்கு ஒரு கார்டு. பெயர், அப்பா அம்மா பெயர், நோயின் பெயர், கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் 'இவருக்கு ரேடியேஷன் கொடுக்கக் கூடாது, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுக்கும் முன் டாக்டரைக் கேட்கவும்'. கோயம்புத்தூர் டாக்டர் கையெழுத்துப் போட்டு, லேமினேட் செய்தது. நித்யா அதை ஸ்கூல் அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

சிவனு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பிரபு பேருக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா."

நான் தயங்கினேன். "சிவனு, அவன்தான்…"

"தெரியுங்கம்மா. எழுதுங்க. அவனுக்கு வச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு பேப்பர்லயாச்சும் இருக்கணும்."

லேமினேட்டும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன். இந்த முறை கார்டைக் கேட்கவில்லை. அவரையே சொல்லச் சொன்னேன். பெயர், பிரபு. அப்பா, சிவனு. அடுத்து நான் கேட்காமலேயே சொன்னார், "அப்பாவப் பெத்த ஆத்தா, ராமாயி. அதையும் போடுங்க." போட்டேன். கரண்ட் வைக்கக் கூடாது என்று கடைசியில் கொட்டை எழுத்தில் எழுதித் தேதியும் போட்டேன்.

சிவனு இலங்கைக் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து, அந்தக் கார்டுக்கு மேலே இந்தத் தாளை மடித்து வைத்தார்.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, வீட்டுக்குப் போனால் முதலில் கார்டு கேட்காதீர்கள். ஆளைக் கேளுங்கள். உங்கள் கையில் ஒரு பதில் கிடைத்தால் அது எந்த லேபுடையது, எந்தக் கமிட்டியுடையது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். யாருடைய ரத்தத்தில் எடுத்தீர்களோ, அவர்களுடையது அது. சிவனுவுக்கு அந்தத் தாளை நான் ஒன்பது வருஷம் தாமதமாகக் கொடுத்தேன்.